பிணத்தின் மேல் பொறாமை

கண்ணாயிரம் அண்ணன் மனிதர்கள் மேல் பொறாமைப்பட்டுப் பல தடவை பார்த்திருக்கிறேன். அது அவர் சுபாவம். ஆனால் ஒரு பிணத்தின் மேல் பொறாமைப்பட்டு, ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார் பாருங்கள், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அதுவும் சினிமாப் பிணம்.

அவருக்கு ஊர் ரிஷிவந்தியம் பக்கம். எனக்குத் திருக்கோவிலூர். ஊரில் இருந்தவரை ஒருவரை ஒருவர் தெரியாது. குவைத்துக்கு வந்த பிறகு ஒரே கம்பெனி, ஒரே அறை. அவர் கீழ்க்கட்டில், நான் மேல்கட்டில். பெரிய கட்டடங்களில் ஏ.சி. காற்று போகிற தகரக் குழாய்களைக் கூரையில் ஏற்றிப் பொருத்துவது எங்கள் வேலை. அவருக்கு நாற்பத்தோரு வயது. இளவட்டத்தில் போர்வெல் லாரியில் ஏறி ஆந்திரா, ராஜஸ்தான் என்று சுற்றியவர். பத்து வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்தார். நடுவில் இரண்டு தடவை ஊருக்குப் போய்த் திரும்பினார். அடுத்த லீவு வந்தபோது போகவில்லை. லீவுச் சம்பளத்தையும் டிக்கெட் காசையும் கையில் வாங்கி, சொந்தக் கொல்லையில் போர் போட அனுப்பிவிட்டார். ஊர் ஊராகப் போய் போர் போட்டவன் நிலத்தில் தண்ணீர் இல்லை என்றால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா என்று கேட்டார். தண்ணீர் வந்தது. அவர் ஊரைப் பார்த்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

வீட்டில் மனைவி ஜெயசுதா, எட்டாவது படிக்கிற மகள் சந்தியா. ஒன்றரை ஏக்கர் மக்காச்சோளத்தையும் இரண்டு மாட்டையும் அந்த அம்மாதான் பார்த்துக்கொள்கிறார்கள். மருந்து அடிப்பது முதல் மோட்டார் ரிப்பேருக்கு ஆள் பிடிப்பது வரை எல்லாம் அவர்கள் பாடு.

எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்றால், அண்ணனுடைய போனில் காதில் வைக்கிற பக்கம் கெட்டுப்போய்விட்டது. ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். மாற்றுங்கள் என்றால் மாற்ற மாட்டார். ஆக, எட்டுப் பேர் இருக்கிற அறையில் எட்டுப் பேருக்கும் அவர் குடும்பம் தெரியும்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு லீவு. காலை பத்து மணிக்கு மேல் ஒவ்வொருவனாக ஊருக்கு வீடியோ கால் போடுவான். எதிர்க் கட்டில் தீனதயாளன் தேனிக்காரன். அவன் சம்சாரம் போனை எடுத்ததும் அழ ஆரம்பிக்கும். "எப்ப வருவீக, எப்ப வருவீக" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு முக்கால் மணி நேரம். இவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏய், அழாத புள்ள, ஆளுக பாக்குறாக" என்பான். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை தெரியும். கண்ணாயிரம் அண்ணன் துணி மடிப்பது மாதிரி பாவனை செய்துகொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"டேங்க் கட்டி வெச்சிருக்காங்க போலடா கண்ணுல" என்று என்னிடம் முணுமுணுப்பார்.

அடுத்து அவர் கால் போடுவார். ஜெயசுதா அக்கா எடுக்கும்.

"சாப்டீங்களா? படைப்புழு வந்துடுச்சிங்க. குருத்தெல்லாம் ஓட்டையாக்கிட்டு போவுது. மருந்து வாங்க கள்ளக்குறிச்சிக்குத் தான் போவணும். சந்தியாவுக்கு சைக்கிள் டியூப்பு மாத்தணும். வேற இன்னா? மாடு அவுத்துக்கிச்சி, வெச்சிடறேன்."

முடிந்தது. நாலு நிமிஷம்.

அண்ணன் போனைத் தலையணைக்கடியில் திணித்துவிட்டு, யார் மேலாவது எரிந்து விழுவார். குழம்பில் உப்பு ஜாஸ்தி என்பார். எவன் என் சோப்பை எடுத்தான் என்பார். விஷயம் உப்புமில்லை, சோப்புமில்லை. தன்னை நினைத்து அவள் ஒரு தடவையாவது அழுதாளா இல்லையா என்பதுதான் விஷயம். பத்து வருஷமாக அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஒரு தடவை அதற்காகப் பொய்கூடச் சொன்னார். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, குரலை இறக்கி, "மூணு நாளா காய்ச்சல் ஜெயா. நூத்தி ரெண்டு இருக்குது. இங்க பாக்க ஆளு இல்ல" என்றார். நாங்கள் ஏழு பேரும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மா, "இன்னா மாத்திர குடுத்தாங்க? அட்டையத் திருப்பிக் காட்டுங்க, பேரு படிக்கிறேன்" என்றார்கள். காட்ட அட்டை இல்லை. "சுடுதண்ணி குடிச்சிட்டுத் தூங்குங்க, கொஞ்ச நேரத்துல மறுபடி பேசறேன்" என்று வைத்துவிட்டார்கள். சொன்னபடியே பேசினார்கள். மத்தியானத்துக்குள் நாலு தடவை. காய்ச்சல் எவ்வளவு, என்ன சாப்பிட்டார், வேர்த்ததா என்று டாக்டர் மாதிரி விசாரணை. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அண்ணனுக்கு அந்த நாலு கால் கணக்கில் வரவில்லை.

"என்ன பஸ் ஏத்திவுட கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துச்சிடா. மூணு வாட்டியும் வந்துச்சி. கம்பம் மாரி நின்னுச்சி. 'பாஸ்போட்டு வெச்சிக்கினீங்களா'ன்னு கேட்டுச்சி. அவ்ளோ தான். இந்தத் தேனிக்காரன் பொண்டாட்டி ஏர்போட்டுல தரையில வுழுந்து பொரண்டுச்சாம்."

இதை என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று தெரியாது. நான் கல்யாணம் ஆகாதவன். எனக்கு போன் போட்டு நாலு நிமிஷம் பேசவே ஆள் கிடையாது. அதை அவரிடம் சொன்னால், "உனுக்கு இன்னா தெரியும்" என்று வாயை அடைத்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு படம். ஆளுக்கொரு படம் கேட்டு முதலில் வாராவாரம் சண்டை வந்ததால், தீனதயாளன் ஒரு வழி கண்டுபிடித்தான். வாரம் ஒரு தலைப்பு. அந்தத் தலைப்புக்குள் வருகிற படத்தைத்தான் போட வேண்டும். வெளியே வெயில் ஐம்பதைத் தொடுகிற மாதத்தில் மழைப்பட வாரம். படம் முழுக்க எவனாவது நனைந்துகொண்டே இருக்க வேண்டும். பொங்கலுக்கு மாடு வருகிற படம். ஒருத்தனுக்கு ஊரில் பெண் பார்த்தபோது கல்யாணப் படம். பேய் வாரம் வைத்துப் பார்த்துவிட்டு இரண்டு பேர் கழிவறைக்குத் துணைக்கு ஆள் கூப்பிட்டார்கள்.

எல்லாவற்றையும்விட மவுசு ஊர்ப்பட வாரத்துக்கு. முறை வருகிறவன் தன் ஊர்ப் பக்கம் எடுத்த படத்தைப் போட வேண்டும். ஓடும்போது அவன்தான் ராஜா. "தோ, இந்தப் பாலத்துலதான் நான் பள்ளிக்கூடம் போவேன்" என்று நிறுத்தி நிறுத்திக் காட்டலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. தேனிக்காரனுக்கு என்ன குறை? சினிமாக்காரர்கள் பாதிப் பேர் அவன் ஊர் வயலில்தான் குடியிருக்கிறார்கள். பொள்ளாச்சிக்காரனுக்கும் அப்படித்தான். காரைக்குடிக்காரன் ஒவ்வொரு வீட்டையும் காட்டி இது எங்கள் பெரியப்பா வீடு என்பான்.

எங்கள் இரண்டு பேருக்கும் முறை வந்தால் முகத்தில் ஈயாடாது. திருக்கோவிலூர் என்று நான் ஒரு கோபுரம் வருகிற காட்சியையாவது தேடிப் பிடித்து ஒப்பேற்றினேன். அண்ணனுக்கு அதுவும் இல்லை. மூன்று முறை வந்தும் 'இந்த வாரம் வேணாம்' என்று தள்ளிவிட்டார்.

"கள்ளக்குறிச்சி எங்கண்ணே இருக்கு? சேலம் போற பஸ்ஸு டீ குடிக்க நிக்குமே, அந்த ஊரா?" என்று தீனதயாளன் கேட்பான்.

"நிக்கிற பஸ்ஸுல உங்க ஊரு ஆளுங்க தாண்டா எறங்கி கைநீட்டி ஓசி டீ கேக்கறானுங்க" என்பார் அண்ணன். வாய்க்குச் சரி. மனசுக்குள் புகைச்சல்தான்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் சந்தியா பாப்பா அப்பாவுக்கு மெசேஜ் அனுப்பியது. போன வருஷம் கல்வராயன் மலையில், கரியாலூருக்கு மேலே ஒரு படம் எடுத்தார்களே, அது இப்போது போனிலேயே பார்க்கிற மாதிரி வந்துவிட்டதாம். அந்தப் படத்துக்குக் கூட்டத்தில் நிற்கப் பொம்பளைகள் வேண்டும் என்று ஒரு ஏஜென்ட் வேன் வைத்து ஆள் கூட்டிக்கொண்டு போனான். மலையில் அப்போது சாமை அறுப்பு. அந்த ஊர்ப் பொம்பளைகள் அறுப்பை விட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் கீழே எங்கள் பக்கத்திலிருந்து கச்சிராயபாளையம் வழியாக இருபது பேரை ஏற்றிப் போனார்கள். அதில் ஜெயசுதா அக்காவும் ஒன்று. "கூட்டத்துல நின்னேன்" என்று அப்போதே போனில் சொல்லியிருந்தது. அண்ணனும், ஓகோ என்று விட்டுவிட்டார்.

இப்போது விட்டுவிடுவாரா? அடுத்த வெள்ளிக்கிழமை யார் முறை என்றுகூடக் கேட்கவில்லை. பிரியாணிக்குத் தாமே கறி வாங்கி வந்தார். அறை முழுக்கச் சொன்னார், பக்கத்து அறையிலும் சொன்னார். "எங்க மலையிலேயே எட்த்தது. எங்க வூட்டம்மா கூட நடிச்சிக்கீது. உங்க பெரியப்பா வூடு இல்ல, எங்க வூட்டு ஆளு!" காரைக்குடிக்காரன் வாயை மூடிக்கொண்டான். அண்ணன் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, டிவிக்கு நேரே நடுக்கட்டிலில் உட்கார்ந்தார்.

படம் தொடங்கியதும் முதல் அடி விழுந்தது. மூடுபனி, மலை, வளைந்து வளைந்து போகிற ரோடு. "தோ பாரு, இது மூணாவது வளைவு" என்று அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். அடுத்த காட்சியில் ஒரு மஞ்சள் பலகை. அதில் 'தேனி மாவட்டம்' என்று எழுதியிருந்தது.

தீனதயாளன் விசில் அடித்தான். "அண்ணே, இது எங்க ஊர்ப்படம்ணே! உங்க முறை போச்சு!"

"பலகைய நட்டவன் எவன்டா? எங்க மலையத் தூக்கி இவன் ஊருக்குக் குடுத்துட்டானுங்களே!" என்று அண்ணன் கத்தினார். சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆனது.

கதை இதுதான்: மலையைப் பிடுங்க ஒரு கம்பெனி வருகிறது. எதிர்த்துக் கேட்ட ஒரு விவசாயியை அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். வாசலில் பிணம் கிடத்தியிருக்கிறது. பெரிய மீசை, மூக்கில் பஞ்சு, கழுத்து கொள்ளாத மாலை. சுற்றிலும் பெண்கள். கண்ணாயிரம் அண்ணன் டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் போய், கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினார். அக்கா கூட்டத்தில் இல்லை.

கேமரா பிணத்தின் காலடிக்குப் போனது. அங்கே ஜெயசுதா அக்கா. தலைகொள்ளாத பூ, நெற்றியில் காசு அகலத்துக்குக் குங்குமம். பிணம் வீட்டில் இருக்கும்போது எங்கள் பக்கம் பெண்டாட்டியை அப்படித்தான் உட்கார வைப்பார்கள். செத்தவனுக்குப் பெண்டாட்டியாக நடிப்பது அவர்கள்தான் என்று எங்களுக்கு அதைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

அப்புறம் அழுதார்கள். அதை நடிப்பு என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. முதலில் சத்தமே வரவில்லை; வாய் மட்டும் திறந்திருந்தது. பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம். அந்த ஆளுடைய இரண்டு காலையும் கட்டிப்பிடித்து, முகத்தைப் பாதத்தில் வைத்துத் தேய்த்து, "எழுந்துருங்க, எழுந்துருங்க" என்று. நாற்பது வினாடி இருக்கும். பிரியாணித் தட்டு எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. தீனதயாளன் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"அண்ணே, அண்ணி என்னமா அழுதிருக்காக. எங்க வீட்டுக்காரி அழுகையெல்லாம் அழுகையே இல்லண்ணே" என்றான்.

அவன் மனசாரச் சொன்னான். பத்து வருஷமாக அண்ணன் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. ஆனால் அண்ணன் எழுந்து போய்த் தம் கட்டிலில் படுத்துக்கொண்டார். படம் பாதியிலேயே நின்றது.

அன்றிலிருந்து ஆரம்பித்தது கூத்து. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், போனில் அந்த நாற்பது வினாடியை மட்டும் போட்டுப் போட்டுப் பார்ப்பார். மனைவியைப் பார்க்க மாட்டார். பிணத்தைப் பார்ப்பார்.

"வயிறு ஏறி எறங்குது பாரு. மூச்சு வுட்றான். செத்தவன் மூச்சு வுடுவானா? இவனுக்கெல்லாம் எவன் சம்பளம் குடுத்தான்?"

"அண்ணே, அது நடிப்புண்ணே."

"கால் கட்ட வெரல் ஆடுது. கூச்சம். எம் பொண்டாட்டி மூஞ்சி பட்டு இவனுக்குக் கூச்சம்!"

சாப்பாட்டை அளைந்துவிட்டு வைத்துவிடுவார். அக்கா கால் பண்ணினால் எடுக்க மாட்டார். மூன்றாம் நாள் என்னைக் கீழே கூப்பிட்டு, சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: "நான் உசுரோட போறப்போ ஒரு சொட்டு வரல. எவனோ பஞ்ச வெச்சிக்கினு மல்லாக்கப் பட்த்துக்கினு இருந்தான், அவனுக்கு இவ்ளோ தண்ணியா? எனுக்குக் குடுக்காதத அவனுக்கு ஏன்டா குடுத்துச்சி?" எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. சிரித்தால் செருப்பு பறக்கும் என்று மேலே ஏறிவிட்டேன்.

மறு வெள்ளிக்கிழமை காலை. தீனதயாளன் போனில் அவன் சம்சாரம் வழக்கம்போல் அழுதுகொண்டிருந்தது. அண்ணன் போன் அடித்தது. அடித்து நின்று மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை எடுத்தார்.

"ஒரு வாரமா போன எடுக்கல. ஒடம்புக்கு இன்னா?" என்றது அக்கா.

"ஒண்ணும் இல்ல."

"படம் பாத்தீங்களாமே. சந்தியா சொல்லுச்சி."

"பாத்தேன். கூட்டத்துல நின்னேன்னு சொன்ன?"

"கூட்டத்துல தான் நிக்க வெச்சாங்க. பொண்டாட்டியா நடிக்க வேண்டிய அம்மா வரல. ஏஜென்ட்டு என்னப் புடிச்சி ஒக்கார வெச்சிட்டான். பொட்ட அழிச்சிக்கச் சொன்னாங்க, பதினாறாம் நாளு தான் எடுப்பாங்க, நான் அழிக்க மாட்டேன்னு சண்ட போட்டேன். உங்ககிட்ட சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல."

அண்ணன் சுவரைவிட்டுத் திரும்பி எழுந்து உட்கார்ந்தார். தீனதயாளன் தன் போன் சத்தத்தைத் தணித்துக்கொண்டான்.

"அழுதியே," என்றார் அண்ணன்.

"அழுவச் சொன்னாங்க."

"பஸ் ஸ்டாண்டுல மூணு வாட்டி நின்ன. எனுக்கு அழுவல."

"நீங்க தான கூடாதுன்னு சொன்னீங்க!" அக்காவின் குரல் ஏறியது. "மொத வாட்டி எனுக்குக் கண்ணு கலங்குச்சி. பொறப்படறப்ப பொம்பள கண்ணுல தண்ணி வந்தா போற எடம் வெளங்காதுன்னு, எல்லார் எதிர்லயும் அப்பிடி ஒரு சத்தம் போட்டீங்க. மறந்துட்டீங்களா? உங்களுக்கு ஏதாச்சும் ஆயிடப்போவுதுன்னு நான் வாயக் கடிச்சிக்கினு நின்னேன். அடுத்த ரெண்டு வாட்டியும் அப்பிடித் தான். போன்லயும் அப்பிடித் தான். நான் அழுதா நீங்க தகரத்தத் தூக்கிக்கினு ஒசரத்துல ஏறுவீங்களா?"

அண்ணன் மறந்தேதான் போயிருந்தார். முகத்தில் தெரிந்தது. ஆனால் மனுஷனுக்குப் பொறாமை அவ்வளவு சீக்கிரம் இறங்குமா?

"அதுக்குன்னு அவன் கால கட்டிப்புடிச்சிக்கினு அழுவறதா?"

"அங்க கூடாதுன்னு சொல்ல ஆளு இல்ல. அழுவுன்னு சொன்னாங்க, வந்துடுச்சி. டைரக்டரு கட்டுன்னு சொன்னப்புறமும் எனுக்கு நிக்கல. எல்லாரும் எழுந்து சோறு துன்னப் போய்ட்டாங்க. நான் மட்டும் மலையில அந்த வாசல்ல குந்திக்கினு அழுவறேன். தண்ணி கூட யாரும் குடுக்கல, அவரு தான் குடுத்தாரு."

"எவரு?"

"பொணமா பட்த்துக்கினு இருந்தாரே, அவரு தான். மூக்குல பஞ்ச எட்த்துப் போட்டுட்டு, மாலையோட எழுந்து வந்தாரு. பக்கத்துல குந்திக்கினு, 'ஏம்மா, நான் சாவலம்மா, பாரு, நல்லாத் தான் கீறேன்'னு சொல்லிச் சொல்லி டீ வாங்கிக் குடுத்தாரு."

"அவன் ஏன் வந்தான்?" என்றார் அண்ணன். கோபமாகத்தான் கேட்டார். ஆனால் குரல் பாதியில் உடைந்துவிட்டது.

அந்தப் பக்கம் மாடு கத்தியது. அக்கா போனை வைக்கவில்லை.

"செத்தவரே எழுந்து வந்துட்டாருங்க," என்றது. "நீங்க வர்றதுக்கு இன்னா?"